முழுப்பேர், அரைப்பேர்

ஜேம்ஸ்பாண்டாக உலகமெல்லாம் ஓடித் திரிந்த ஷோன் கொனரி, கிழவரான பிறகு வீட்டைவிட்டு வெளியே வராத மனிதராக ஒரு படத்தில் நடித்திருக்கிறார். 'ஃபைண்டிங் ஃபொரெஸ்டர்' என்று பெயர். 2000ஆம் ஆண்டு வந்தது, கஸ் வான் சான்ட் இயக்கியது. ஒரே ஒரு நாவல் எழுதிப் புலிட்சர் பரிசும் வாங்கிவிட்டு, அடுத்த நாவல் என்ற பேச்சே இல்லாமல், நியூயோர்க்கின் பிரோங்ஸ் பகுதியில் ஒரு மாடிவீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் எழுத்தாளர் அவர். கீழே மைதானத்தில் பந்தடிக்கும் பையன்களில் ஒருவன் ஜமால். கறுப்பினத்தவன், 16 வயது. கூட்டாளிகள் உசுப்பிவிட்டதில் ராத்திரியில் அந்த வீட்டுக்குள் நுழைகிறான். கிழவர் சத்தம்போட, பையை விட்டுவிட்டு ஓடுகிறான். பை நிறைய அவன் எழுதிவைத்த கொப்பிகள். பை திரும்பி வரும்போது பக்கத்துக்குப் பக்கம் கிழவரின் திருத்தங்கள். அப்படித் தொடங்குகிறது அந்தச் சிநேகம்.

எனக்கு இதைப் போட்டுக் காட்டியவன் மீரியபெத்தப் பையன் ஒருவன். "சேர், இது நம்ம ரெண்டு பேரு கதை மாதிரியே இருக்கு" என்று மடிக்கணினியைக் கொண்டுவந்து கொஸ்லந்தையில் என் வீட்டு மேசையில் வைத்தான். ஜமாலாக நடித்த ரொப் பிரவுன் அதற்குமுன் நடித்ததே இல்லையாம். போன் பில் கட்டக் காசில்லாமல் துணை நடிகர் வேலைக்கு வந்து நின்றவனாம். அதையும் அவன்தான் சொன்னான். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் கேட்டாள்:

"இவங்க ரெண்டு பேரும் இம்புட்டுப் பேசுறாங்களே, தேத்தண்ணி யாரு ஊத்துறது?"

வீட்டுக்கே சாமான் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கிறது என்றேன். "சாமான் வந்தா தேத்தண்ணி ஆயிருமா?" என்றாள். படத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் வாசித்த விமர்சனங்களிலும் இல்லை.

எனக்கு வேறொரு சந்தேகம். ஒரு புத்தகத்தோடு ஒருவர் நின்றுவிட்டால் அமெரிக்காவில் அது பெரிய மர்மம், படமே எடுக்கிறார்கள். இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலை மலைகளில் ஒரே புத்தகத்தோடு நின்றவர்களைத் தேடி யாரும் சுவரேறிக் குதிக்க வேண்டியதில்லை. முதல் புத்தகத்துக்கே கூட்டாளிகளிடம் கைநீட்டியவர், இரண்டாவதுக்கு எந்த முகத்தோடு போவார்? என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதை 1961இல் தினகரன் பத்திரிகையில் வந்தது. அதே பெயரில் தொகுதி வந்தது 1980இல். கதை வந்தபோது பிறந்த பிள்ளை தொகுதி வரும்போது கொழுந்துக்கூடை தூக்கும் வயதுக்கு வந்துவிட்டது. அதுவும், அவரைவிட மூன்று வயது இளையவரான தெளிவத்தை ஜோசப் போன்ற நண்பர்கள் முன்நின்றதால் நடந்தது. இராமையா கதவைச் சாத்திக்கொண்டவர் அல்லர். கதவு திறந்துதான் கிடந்தது, அச்சுக்கூடம்தான் தூரம்.

கதவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நான் லயத்துப் பையன்; லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அந்தப் பக்கம் பிள்ளை அழுதால் இந்தப் பக்கம் தாலாட்டுவார்கள். ஃபொரெஸ்டர் ஜமாலுக்கு ஒரு நிபந்தனை போடுகிறார்: இந்த வீட்டுக்குள் எழுதுவது இந்த வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. எங்கள் லயத்தில் அந்த நிபந்தனையைப் போட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். குப்பி விளக்கு வெளிச்சத்தில் எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். விடிந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போனால், "கடைசியில அந்தப் புள்ளையச் சாகடிச்சுட்டியாமே, பாவி" என்று கேட்கிறார்கள். அந்தக் கிழவர் ஜன்னலில் நின்று குருவி பார்ப்பார். எங்கள் பக்கத்தில் பைனாகுலர் வைத்திருந்தவர் தோட்டத்தை நடத்தும் துரை ஒருவர்தான். அவர் பார்த்தது குருவியை அல்ல.

என்னுடைய ஃபொரெஸ்டர், தோட்டத்துச் செக்ரோல் கிளாக்கர்; தொழிலாளர்களின் பேரும் வேலைநாளும் பதியும் ஏடுதான் செக்ரோல். 1970களின் தொடக்கத்தில் அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீரகேசரிப் பத்திரிகையில் எஸ்.எம். கார்மேகம் நடத்திய தோட்ட மஞ்சரிப் பக்கத்தில் புனைபெயரில் எழுதியவர். ஒரு புனைபெயர் வெளியே தெரிந்துவிட்டது போலிருந்தால் அடுத்ததுக்கு மாறிவிடுவார். தோட்டத்து ஸ்டாப் ஒருவர், தோட்டத்துச் சோற்றைத் தின்றுகொண்டு, தோட்டத்துத் தொழிலாளியின் கஷ்டத்தை எழுதுகிறார் என்று துரை காதுக்குப் போனால் அந்த மாதமே பெட்டி கட்டவேண்டியதுதான். மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் நடத்திய போட்டிகளில் பரிசு வாங்கிய கதைகள் 'கதைக்கனிகள்' என்று 1971இல் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்தை அவர் அலமாரியில் வைக்கவில்லை. தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

கிளாக்கர் குவாட்டர்ஸ் வாசலில் ஏழு படி. லயத்து ஆட்கள் கீழே நின்று "ஐயா" என்று கூப்பிட வேண்டும். கங்காணியானால் இரண்டு மூன்று படி ஏறி நின்று பேசலாம். முன்கதவுக்குள் போக ஸ்டாப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் துரையாக இருக்கவேண்டும். அமெரிக்கப் படத்தில் இருவருக்கும் நடுவே நிறமும் நாடும் வயதும் நிற்கின்றன. எங்கள் இருவருக்கும் ஒரே நிறம், ஒரே மொழி, தாத்தன் பாட்டன் வந்து இறங்கிய கரையும் ஒன்று. நடுவே ஏழு படி.

அந்தப் படிகளை நான் ஏறியதே இல்லை. வீட்டைச் சுற்றி வந்து, கோவாப் பாத்தியை மிதிக்காமல் தாண்டி, குசினிக் கதவால் உள்ளே போவேன். குசினியில் ஒரு முக்காலி. ஜன்னல் கம்பியில் ஓர் எனாமல் கோப்பை தொங்கும். விளிம்பில் பூச்சு பெயர்ந்து கறுப்பு வட்டம் தெரியும். லயத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான். கிளாக்கரம்மா கெட்ட மனுஷி இல்லை. அரிசிக்கும் மாவுக்கும் அடிபட்ட 1974இல், தோட்டத்தில் பசியால் ஆட்கள் வீங்கிக் கிடந்த நாள்களில், எத்தனையோ பேருக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தவர். ஆனால் கோப்பை கோப்பைதான். என் முதல் கதை பத்திரிகையில் வந்த வாரம், தேத்தண்ணி பீங்கான் கோப்பையில் வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த இலக்கியப் பரிசுகளில் முதலாவது அது. அதற்குப் பிறகு கிடைத்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரியதும் அதுதான்.

கிளாக்கரிடம் ஒரு பென்சில் உண்டு. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். ஆபீசிலிருந்து கொண்டுவந்தது. பகலில் அதைக்கொண்டு செக்ரோலில் கோடு போடுவார். பொழுது சாய்ந்தபின் என் கதையில் போடுவார். கணக்கும் ஒன்றேதான். கொழுந்து நிறை குறைந்தாலோ நேரம் பிந்தி மலைக்கு வந்தாலோ தொழிலாளிக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். என் கதைகளுக்கும் அவர் பேர்தான் போட்டார். தலைப்புக்குப் பக்கத்தில் நீலத்தில் 'முழுப்பேர்' என்று எழுதியது அபூர்வம். 'அரைப்பேர்' ஏராளம். ஒரு கதைக்கு 'பேர் இல்லை, மலையிலிருந்து விரட்டவும்' என்று எழுதியிருந்தார்.

ஒரு தடவை, பச்சைச் சேலை உடுத்திய மலைமகள் என்று தொடங்கி அரைப்பக்கம் எழுதிக்கொண்டு போனேன். சிவப்பு முனையால் மூலைக்கு மூலை ஒரே கீறு.

"ஏன்டா, மலை சேலை கட்டியிருந்தா நம்ம பொம்பளைங்களுக்கு ஒண்ணு குடுத்திருக்காதா? கொழுந்தெடுக்கிறவ இடுப்புல கட்டியிருக்கிற படங்குச் சாக்கைப் பாத்திருக்கியா? அதை எழுது."

எழுதினேன். அதற்கும் அரைப்பேர். சாக்கு எந்தக் கடைச் சாக்கு, சீனிச் சாக்கா மாச் சாக்கா என்று எழுதவில்லையாம்.

1975இல் 'புதிய காற்று' வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தானே தயாரித்துத் தானே நாயகனாக நடித்த படம், எஸ். ராமநாதன் இயக்கியது, வசனம் தெளிவத்தை ஜோசப். ஜோசப் எங்கள் பதுளை மாவட்டத்துக்காரர், ஹாலி-எலப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர், தெளிவத்தைத் தோட்டப் பள்ளியில் படிப்பித்ததால் அந்தப் பெயர். தோட்டத்து ஆள் எழுதிய தோட்டத்துப் படம் என்றால் சும்மா இருக்க முடியுமா? நானும் கிளாக்கரும் பஸ் ஏறி ரவுணுக்குப் போனோம். தொழிலாளியும் மனிதன்தான் என்று சொல்லும் படத்தை அவர் பல்கனியில் இருந்து பார்த்தார், நான் கலரியில் இருந்து பார்த்தேன். இருவருக்குமே அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், படம் எப்படி என்று. "ஜோசப்பு எழுதினது சரிதான். லயத்தைத்தான் ரொம்பப் பெருசாக் காட்டிட்டாங்க. நம்ம காம்பராவுக்குள்ள கேமராவை வச்சா கேமராக்காரன் எங்க நிப்பான்?" என்றார். மலையகச் சினிமா பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கருத்தரங்குக் கட்டுரைகள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் பிரச்சினைக்கு வந்ததில்லை.

மூத்த எழுத்தாளர் இளையவருக்குக் கைகொடுக்கும் கதை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது தாகூர் கதையைத்தான். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு 73 வயது. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்துப் பையன் சி.வி. வேலுப்பிள்ளைக்கு 19. ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற தன் நாடக நூலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். கிளாக்கர் இதைக் கண்ணால் பார்த்ததுபோலச் சொல்வார். தாகூர் அதைத் திருத்திக் கொடுத்தாரா என்று ஒரு நாள் கேட்டேன். "ஆசீர்வாதம் பண்ணிருப்பார். பெரியவங்களுக்கு அதுதான் லேசு" என்றார்.

அந்தப் பையன் 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரை அனுப்பிய மக்களில் பெரும்பாலோர் வாக்கில்லாதவர்கள் ஆனார்கள். அவர் எழுதிக்கொண்டேயிருந்தார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் கொண்டுவரத் தமிழ்க் கைகள் வேண்டியிருந்தன. தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவரது நெடுங்கவிதையை 1969இல் தமிழாக்கியவர் சக்தீ பாலஐயா, பத்து வயதுக்குமேல் இளையவர். சி.வி. 1984இல் காலமானார். இரண்டு வருடத்தில் அவரைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது, 'சி.வி. சில சிந்தனைகள்'. எழுதியவர் பேராசிரியர் அல்லர். சாரல்நாடன்; 1944இல் பிறந்தவர்; தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் பார்த்துக்கொண்டே, தன்னைவிட முப்பது வயது மூத்த ஒருவரின் வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சேர்த்து எழுதியிருக்கிறார். அதோடு விடவில்லை, தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார்.

அமெரிக்கப் படத்தில் கொடுக்கிறவர் கிழவர், வாங்குகிறவன் பையன். வீடு நிறையப் புத்தகம், தட்டெழுத்துப் பொறி, பேர், புகழ் எல்லாம் கிழவரிடம் இருக்கின்றன. மலையகத்தில் கிழவர்களிடம் என்ன இருந்தது? பத்திரிகைத் துணுக்குகள் இருந்தன, கறையான் இருந்தது. இளையவர்கள்தான் தமிழாக்கினார்கள், சந்தா பிரித்தார்கள், அச்சுக்கு அலைந்தார்கள், விற்காத பிரதிகளைத் தங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கினார்கள். ஜோசப்புக்கே 2013இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தவர்கள் அவரைவிட ஒன்று இரண்டு தலைமுறை இளையவர்கள். அதற்குப் பிறகுதான் கடலுக்கு அந்தப் பக்கம் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. எண்பதை நெருங்கும் வயதில் ஒரு மனிதரை 'கண்டுபிடித்தார்கள்'. இங்கே அவர் ஒரு நாளும் தொலைந்துபோனவர் இல்லை. 2022 ஒக்டோபரில் அவர் காலமானபோது மேடையில் பேசியவர்கள் பலர், தங்கள் முதல் கதையை அவர் வாசித்துத் திருத்தியதைச் சொன்னார்கள்.

என் கிளாக்கருக்கு அந்த யோகம் இல்லை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தம் எங்களைத் தராசில் போட்டு நிறுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிறகு 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 70களில் மாதாமாதம் குடும்பங்கள் போயின. போகிறவர்களின் பேரைச் செக்ரோலிலிருந்து அடிப்பது கிளாக்கர் வேலை. அதே சிவப்பு முனை. ஒரு லயம் முழுக்கவே சிவப்பாகிப்போன மாதம் ஒன்று இருந்தது. அந்த மாதம் அவர் என் கதை எதையும் வாங்கவில்லை. பிறகு அவரும் போனார். அப்புத்தளை ஸ்டேஷனில் ஏறி, தலைமன்னார் போய், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. "மறுபடியும் தேயிலைதான்டா" என்று எழுதியிருந்தார். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து, பிறகு நம் கைக்கு வரும். அதனால் அந்தக் கடிதம் எனக்குக் கிடைப்பதற்கு முன்பே, கோத்தகிரியில் குளிர் அதிகம் என்ற சேதியை எனக்கு நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள்.

போகும்போது தன் கதைகள் வந்த பத்திரிகைக் கட்டை என்னிடம் கொடுத்திருந்தார். நான் அதைப் பைண்ட் பண்ணப் பதுளை ரவுணில் ஒரு கடையில் கொடுத்து வைத்திருந்தேன். 1983 ஜூலையில் ரவுணில் தமிழர் கடைகள் எரிந்தன. அதோடு அந்தக் கட்டும் போயிற்று. என்னுடைய கதைகளும் அதில்தான் இருந்தன.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். மீரியபெத்தப் பையன் என் வீட்டுக்கு வந்த முதல் நாளே முன்கதவால் வந்தான். செருப்பைக் கழற்றினான், அதுவரைக்கும் மரியாதை. உட்காருங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்து, "சேர், வைஃபை இருக்கா?" என்றான். பிறகு போனைத் திருப்பிக் காட்டினான். அதில் என் கதை. நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய இதழ்களையெல்லாம் படமெடுத்துப் போட்டிருக்கிறார்களே, அங்கே கிடைத்ததாம். எழுபதுகளில் வந்த இதழ், ஓரம் பூச்சி அரித்த பக்கம், நடுவே என் பெயர். எரிந்துபோனது என்று நான் கணக்கை முடித்துவிட்டிருந்தேன். "இது நீங்கதானே? நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ரொம்ப இழுத்திருக்கீங்க" என்றான். நாற்பது வருடம் கழித்து வந்த வாசகர் கடிதம்! எழுந்து முன்கதவைக் காட்டியிருக்கலாம். இழுத்திருந்தது உண்மை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை, மீரியபெத்தையில் மலை இறங்கியபோது அவனுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்து பார்த்தால் லயங்கள் இருந்த இடத்தில் சேறு. இந்த இடம் ஆபத்து, ஆட்களை மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. எழுத்தில்தான் சொன்னார்கள். வாசிக்க ஆள் இருந்திருக்காது. தப்பியவர்கள் மாகல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தட்டி மறைத்துக்கொண்டு இரண்டு வருடம்போல இருந்தார்கள். 2016இல் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஏழு பேர்ச் காணி.

இவ்வளவும் நான் சொல்வது. அவன் இதைப் பற்றிப் பேசமாட்டான், எழுதவும் மாட்டான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவான். போட்டிக்குக் கதை அனுப்பினால் அங்கே அவன் தங்கியிருக்கும் போடிங் விலாசம்தான். "மீரியபெத்தன்னு பாத்தா வாசிக்காமலே பரிசு குடுத்துருவாங்க சேர்." ஜமால் தான் எழுதுவதைக் கூட்டாளிகளிடம் மறைத்தான். இவன் தன் ஊரை நடுவர்களிடம் மறைக்கிறான். வருடா வருடம் ஒக்டோபர் 29 கிட்டும்போது கொழும்பிலிருந்து யாராவது கேமராவோடு வந்து, ஒரு கவிதை சொல் தம்பி என்பார்களாம். எங்கள் காலத்தில் பத்திரிகை ஆசிரியர்கள் எங்களிடம் மண்வாசனை கேட்டார்கள். இவனிடம் மண்சரிவு கேட்கிறார்கள். கேட்கிற குரல் மட்டும் மாறவில்லை.

கிளாக்கருடைய பென்சில் என்னிடம் இல்லை. இருந்தாலும் பிரயோசனமில்லை, அவன் எழுதுவது போனில். நான் என்ன திருத்துவது? அவன்தான் என்னைத் திருத்துகிறான். என் கைப்பிரதியை நான் வாசிக்க, போன் கேட்டு எழுதுகிறது. 'செக்ரோல்' என்றால் அதற்கு ஒரு தடவையும் சரியாக விளங்கியதில்லை. 'செக்கு உரல்' என்று எழுதிவைக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் 'பெரட்டுக்களம்' என்றால் 'புரட்டும் களம்'. ஒரு வகையில் போன் சொல்வதும் பிழையில்லை. அவன் சிரித்துக்கொண்டே சரிசெய்வான், சரிசெய்கிற சாக்கில் என் வாக்கியங்களிலும் கைவைப்பான். "சேர், இந்த 'அந்தோ'வைத் தூக்கிரவா?" என்பான். நான் பதில் சொல்லும்போது அது போயிருக்கும். நடுவே எழுந்துபோய்க் குசினியில் அவனே தேத்தண்ணி ஊற்றி, என் மனைவிக்கும் ஒன்று கொண்டுவந்து வைப்பான். முதல் தடவை அவள் பதறிப்போனாள். இப்போது, "இவன் எழுத்தாளனோ என்னமோ, தேத்தண்ணி நல்லா ஊத்துறான்" என்கிறாள். கிளாக்கரம்மா இதைப் பார்த்திருந்தால் எந்தக் கோப்பையை எடுப்பது என்று தெரியாமல் நின்றிருப்பார்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது ஒரு பேய்க்கதை. செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் பேயாகத் தன் பங்களாவுக்குத் திரும்பி வருகிறார். பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல். ரிசெப்ஷனில் இருக்கிற பெண், பழைய பெரிய கங்காணியின் பூட்டப்பிள்ளை, துரையிடம் பாஸ்போர்ட் கேட்கிறாள். துரையிடம் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாதவர் எந்த நாட்டு ஆள் என்று கேட்கிறாள். துரை யோசிக்கிறார். கதை அவ்வளவுதான். எந்த மலையும் சரியவில்லை, யாரும் அழவில்லை. போனில் வாசித்துவிட்டு 'முழுப்பேர்' என்று பதில் அனுப்பினேன். "சேர், ஹாஜர் போனஸ் இல்லையா?" என்று திருப்பி அனுப்பினான். அரைப்பேர் முழுப்பேர் எல்லாம் அவன் பாட்டி வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான்.

அந்தக் கதைக்கு ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு கிடைத்தது. பதுளையில் விழா. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். போடிங் விலாசம் எப்படி உடைந்ததோ தெரியாது. அறிவிப்பாளர் அவன் பெயரைக் கூப்பிடும்போதே "மீரியபெத்த மண்ணின் மைந்தன்" என்றுவிட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் பரிசுக்காரனுக்கு உட்கார்ந்தபடிதான் தட்டினார்கள். பிரதம விருந்தினர் இருபது நிமிடம் பேசினார். மண்ணுக்குள் போன உயிர்களின் ஓலத்தை இந்தக் கதையில் தான் கேட்டதாகவும், வாசித்தபோது கண்ணீரை அடக்க முடியவில்லை என்றும், அந்தப் பேய் உண்மையில் பேயல்ல, நீதி கேட்டு அலையும் ஆன்மா என்றும் சொன்னார். பங்களா, ஹோட்டல், துரை, பாஸ்போர்ட் ஒன்றும் வரவில்லை. பையன் மேடையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சோகம் என்று நினைத்துக் கேமராக்காரர் கிட்டப்போய் எடுத்தார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"சேர், அவரு கதையை வாசிக்கவே இல்லையா?"

"வாசிச்சிருக்க மாட்டார்."

"நடுவர்மாரு?"

"அவங்க வாசிச்சிருப்பாங்க. ஊரு தெரியாமத்தானே பரிசு போட்டாங்க."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"அப்ப ஏன் சேர் மூணாவது?"

முதல் இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். அவன் அந்த இரண்டையும் ஏற்கெனவே எங்கேயோ பிடித்து வைத்திருந்தான். ஹாலி-எல தாண்டுவதற்குள் இரண்டும் என் போனுக்கு வந்துவிட்டன. முதலாவது கதையில் மூன்று இடத்தில் சிவப்புக் கோடும் போட்டிருந்தான்.